கால் மாற்றி நின்ற நாள்

மார்ச் 9, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. முழுசாகக் கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. மாதக் கடைசி வரை பார்ப்பார்களாம். சித்திரை மாதக் கூட்டத்துக்குத் தாங்குவேன் என்று தோன்றினால் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால், "வேற எடத்துல பாத்துக்கங்கம்மா." இதைச் சொன்னவர் பட்டு மாடியின் சூப்பர்வைசர் அழகுமலை சார். அவர் முகத்தில் சிரிப்பு என்ற சாமானே கிடையாது. எனக்கென்ன, நானும் சிரிப்பதற்காக மதுரைக்கு வரவில்லை.

விருதுநகரில் பன்னிரண்டு வருஷம் பட்டுச்சேலை விற்றவள் நான் என்று சொன்னேன். ஒரு சேலையை விரித்து மடிக்கச் சொன்னார். மடித்தேன். மடிப்பைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் என் காலைப் பார்த்தார். பட்டுப் பிரிவில் வெள்ளை மெத்தைமேல் ஏறி நின்றுதான் சேலை காட்ட வேண்டும். எல்லோரும் வெறுங்கால். நான் மட்டும் தோல் நிறத்தில் சாக்ஸ் போட்டிருந்தேன். "பித்தவெடிப்பு சார், சேலையில பட்டா நூல் இழுத்துரும்" என்றேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்த பொய். நல்ல பொய். பட்டில் நூல் இழுக்கும் என்றால் எந்தக் கடைக்காரரும் மறுபேச்சுப் பேச மாட்டார்.

நிஜம் என்னவென்றால், என் இடது கால் முழங்காலுக்குக் கீழே என்னுடையது இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு லாரி அதைக் கொண்டுபோய்விட்டது. இப்போது இருப்பது ஒரு இரும்புக் குழாயும் ரப்பர் பாதமும். மறைக்காமல் இரண்டு கடைகளில் வேலை கேட்டுப் பார்த்தேன். இரண்டிலும் டீ வாங்கிக் கொடுத்து, "சொல்லி அனுப்புறோம்மா" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. டீ நன்றாக இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மெத்தைமேல் நிற்பது சேற்றில் நிற்பது மாதிரி இருக்கிறது. உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், சட்டமாம். வாடிக்கையாளர் வந்துவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

சிம்மக்கல்லில் பிடித்திருக்கும் அறைக்கு வந்ததும் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதுவும் என்னைப் போலவே அலுத்துப்போன மாதிரி நின்றது.

மார்ச் 12, வியாழன்

பக்கத்துக் கவுண்டரில் இரண்டு பேர். நாகஜோதி செல்லூர்க்காரி, இரண்டு பிள்ளைக்காரி, மதுரையில் பிறந்து மதுரையிலேயே வாக்கப்பட்டவள். ஊரில் எந்தக் கல்லைக் கேட்டாலும் கதை சொல்வாள். ஜெசிந்தா ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊர், கடை ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இருபத்து மூன்று வயது. வாய் மூடாது.

இந்த ஜெசிந்தாவுக்கு என் பித்தவெடிப்புமேல் அப்படியொரு அக்கறை. இன்றைக்கு ஒரு சின்ன பாட்டிலில் விளக்கெண்ணெய். "மஞ்சளும் மெழுகும் போட்டுக் காய்ச்சுனதுக்கா. படுக்குறப்ப ரெண்டு கால்லயும் தடவுங்க. ஒரு வாரத்துல பிள்ளைக் கால் மாதிரி ஆயிரும்" என்றாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது.

மார்ச் 14, சனி

அழகுமலை சார் என்னை முன் கவுண்டரிலிருந்து எடுத்துக் கடைசியில் தூண் பக்கம் போட்டுவிட்டார். "நீங்க இங்கன நில்லுங்கம்மா." அவ்வளவுதான், காரணம் கிடையாது. முன்னால் நிற்பவர்களுக்குத்தான் கல்யாணக் கூட்டம் வரும். தூண் பக்கம் வருவது வழி தெரியாமல் பாத்ரூம் தேடுகிறவர்கள். போதாக்குறைக்கு மேல் தட்டில் இருக்கும் சேலை வேண்டுமென்றால் நான் ஏறக் கூடாதாம், ஜெசிந்தாதான் ஏறி எடுத்துத் தர வேண்டுமாம். பன்னிரண்டு வருஷ அனுபவக்காரிக்கு இந்த மரியாதை.

தூண் இருப்பதால் சாய்ந்துகொள்ளலாம் என்பது வேறு விஷயம். அதற்காக நன்றி சொல்ல முடியுமா?

மார்ச் 16, திங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து அண்ணன் போன். "முடியலைன்னா வந்துரு, உன் கட்டில் அப்படியேதான் கெடக்கு" என்றார். நல்ல மனுஷர். அண்ணியும் நல்லவள். ஒன்றரை வருஷம் அந்தக் கட்டிலில் கிடந்தவளுக்கு ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அந்தக் கட்டிலுக்குத் திரும்ப எனக்கு மனசில்லை. எல்லாம் நல்லா இருக்குண்ணே என்று சொல்லி வைத்தேன்.

மார்ச் 18, புதன்

வலது இடுப்பு. வேறொன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கால் கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு தம்பி இருந்தான். எடை பார்க்கும் மெஷின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் ஒரு கால், மற்றதில் ஒரு கால் என்று நிற்கச் சொல்வான். வலது பக்க முள் எகிறிப் போகும். இடது பக்கம் பூனைக்குட்டி ஏறி நிற்கிற மாதிரி லேசாக அசையும். "அக்கா, இந்தக் காலை நம்புங்க. பாதி எடையை இதுல போடுங்க. இல்லாட்டி நல்ல காலும் கெட்டுரும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான். சரி சரி என்பேன். எப்படிப் போடுவது? உணர்ச்சியே இல்லாத ஒன்றின்மேல் எப்படி ஆளை நிறுத்துவது? அந்தப் பக்கம் எடையைக் கொண்டுபோனால் மாடிப்படி முடிந்த இடத்தில் இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்த மாதிரி உள்ளே திக்கென்கிறது. உடனே வலது பக்கம் வந்துவிடுவேன்.

இன்றைக்குச் சாயங்காலம் ஒரு குடும்பம் சேலையைக் கலைத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் வலது கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. சிரித்துக்கொண்டே தூணைப் பிடித்தேன். நிமிர்ந்தால் அழகுமலை சார் அந்தக் கோடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என் முகத்தை இல்லை. காலை.

முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். அருப்புக்கோட்டைக் கட்டில்.

மார்ச் 22, ஞாயிறு

ஆச்சரியம். வியாபாரம் மந்தமாக இருப்பதால் செவ்வாய்க்கிழமை எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றாக வார லீவு கொடுத்திருக்கிறார். ஜோதி சொல்கிறாள், இப்படி மூன்று பேரை ஒரே நாளில் விட்டதே இல்லையாம். எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. நான் இல்லாமல் மாடி எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறாரோ என்னவோ.

லீவில் காலை மடக்கிப் படுத்துக் கிடப்பது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஜெசிந்தா விடவில்லை. "மதுரைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு, மகாலையும் பாக்கல, மீனாட்சி கோயிலையும் பாக்கல. கடை, ஹாஸ்டல், கடை, ஹாஸ்டல். ஊருல கேட்டா என்னத்தைச் சொல்ல?" ஜோதி உடனே ராணி மாதிரி, "நான் சுத்திக் காட்றேன், வாங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அக்காவும் வர்றாங்க" என்று ஜெசிந்தாவே சொல்லிவிட்டாள்.

மார்ச் 23, திங்கள்

கோயில் வாசலில் போலீஸ் சோதனை உண்டு. இரும்பு இருந்தால் கத்துகிற வாசல் வைத்திருக்கிறார்கள். என் காலில் இருப்பது இரும்பு. இவர்கள் இருவரும் பக்கத்தில் நிற்கும்போது அது கத்தும். ஏன் என்று கேட்பார்கள். ஜெசிந்தாவுக்குத் தெரிந்தால் ஹாஸ்டலுக்குத் தெரிந்த மாதிரி, ஹாஸ்டலுக்குத் தெரிந்தால் முதலாளி வரைக்கும் போய்விடும். மாதக் கடைசிக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

தலைவலி என்று சொல்லிவிடலாம். காய்ச்சல் என்றால் ஜெசிந்தா கஷாயத்தோடு அறைக்கே வந்துவிடுவாள். தலைவலிதான் சரி.

மார்ச் 24, செவ்வாய்

தலைவலி என்று சொல்லவில்லை. காலையில் குளித்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிகிறது.

வெயிலுக்கு முன்னால் கோயில், வெயில் ஏறியதும் மகாலின் நிழல் என்பதுதான் ஜோதி போட்ட திட்டம். ஜெசிந்தா ஹாஸ்டலிலிருந்து இறங்கவே ஒன்பது மணி ஆயிற்று. இறங்கியதும், போட்டோவுக்குக் காலை வெளிச்சம்தான் நன்றாக இருக்கும், மகால்தான் முதலில் என்று அடம். சரி என்று மகாலுக்குப் போனோம்.

திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி நான் என்ன எழுத? விருதுநகரில் இருந்தவரை ஒரு மணி நேர பஸ் பயணம். ஒரு தடவை வந்ததில்லை. லீவு என்றால் துணி துவைப்பது, தூங்குவது. ஊருக்கெல்லாம் திருவிழாச் சேலை விற்றேன், ஒரு திருவிழாவுக்குப் போனதில்லை. படியில் நல்ல காலை முதலில் வைத்து, கொசுவத்தைச் சரி செய்கிற சாக்கில் நின்று நின்று ஏறினேன். உள்ளே போய் நிமிர்ந்தால் தூண்கள். மூன்று பேர் கைகோத்தும் ஒன்றைச் சுற்றி வளைக்க முடியவில்லை.

"இதுக்குச் சேலை சுத்துறதுன்னா ஒம்போது கெஜம்கூடக் காணாதுக்கா" என்றாள் ஜெசிந்தா.

"சுத்துறது இருக்கட்டும், முந்தியை எங்கிட்டு விடுவ?" என்றாள் ஜோதி.

வெளியூர்க்காரர்கள் எல்லாம் கூரையைப் பார்த்தார்கள். நாங்கள் வெளியூர்க்காரர்களின் சேலையைப் பார்த்தோம். இது காஞ்சிபுரம், அது கலப்பட ஜரிகை, அந்தப் பச்சைக்கு ஒத்த பார்டரே இல்லை என்று பேசிக்கொண்டே சுற்றினோம். தூணில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருந்த காதலர்களை ஜோதி பெயர் சொல்லித் திட்டினாள். நான் வழக்கம்போல ஒரு தூணில் சாய்ந்துகொண்டேன். "அக்காவுக்குத் தூணைக் கண்டா விட மனசு வராது" என்றாள் ஜோதி. எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் எழுதிவைக்கிறேன்.

அப்போதே நேராகக் கோயிலுக்குப் போயிருந்தால் இந்த நாள் வேறு மாதிரி முடிந்திருக்கும். தெற்கு மாசி வீதியில் ஆட்டோவை விட்டு இறங்கினால் எதிரே இன்னொரு ஜவுளிக்கடை. சேலை விற்பவர்கள் லீவு நாளில் செய்யக் கூடாத ஒரே காரியத்தைச் செய்தோம். உள்ளே போனோம். விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று.

ஜெசிந்தா கல்யாணப் பெண், நான் பெரியம்மா, ஜோதி அத்தை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து சேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது. சுகமாக இருந்தது. ஜெசிந்தா கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "இதே கலர்ல வேற புட்டா காட்டுங்க" என்றாள். காட்டிய பெண் சின்னவள். சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டாள். மெத்தையில் அவள் கால்களைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் வலது காலில் நிற்கிறாள், கொஞ்ச நேரம் இடது காலில், திரும்ப வலது. அவளுக்கே தெரியாமல் மாறிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பேச்சு சுவாரஸ்யத்தில் மடியில் கிடந்த சேலையை என் கை தானாக மடித்து வைத்துவிட்டது. ஒன்று இல்லை, எல்லாவற்றையும். ஜோதியும் மடித்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் பெரியவர் வந்து அடுக்கைப் பார்த்தார். ஓரமெல்லாம் ஒன்றாக நின்றது.

"எந்தக் கடைம்மா நீங்க?" என்றார்.

பெரியம்மா, அத்தை, கல்யாணப் பெண் எல்லோரும் எழுந்துவிட்டோம். அவர் கோபப்படவில்லை. வாசல் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்து வழியனுப்பினார். அதற்குள் பதினொன்றரை தாண்டிவிட்டது. "நடை சாத்திருவாக, வெரசா வாங்க" என்று ஜோதி இழுத்துக்கொண்டு போனாள்.

தெற்குக் கோபுரத்துப் பக்கம் செருப்பையும் போனையும் கொடுத்தோம். சாக்ஸைக் கழற்றவில்லை. அந்தக் கத்துகிற வாசல் வந்தது. ஜோதி போனாள், கத்தியது. இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்து. ஜெசிந்தா போனாள், கத்தியது. தலையில் கடைகொள்ளாத கிளிப்பு. நான் போனேன், அதுவும் கத்தியது. திரை போட்ட தடுப்புக்குள் பெண் போலீஸ் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே கை நின்றது. "ஆபரேசனா?" என்றார். "ஆமா" என்றேன். "போங்க." அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் நான் புரண்டு படுத்தது இந்த ஒரு வார்த்தைக்கு. அது எல்லோருக்கும்தான் கத்துகிறது, என்னைப் பற்றி அதற்குத் தனியாக ஒன்றும் தெரியாது.

உள்ளே குளிர்ச்சி. பொற்றாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டு நடந்தபோது யாரோ கொட்டிய தண்ணீரில் வலது கால் வைத்துவிட்டேன். சாக்ஸ் சொதசொதவென்று வழுக்கியது. கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன். "அந்தக் கால்ல ஏன் இன்னும் மாட்டியிருக்கீங்க?" என்றாள் ஜெசிந்தா. "அதுலதான் வெடிப்பு அதிகம்." "அப்ப எண்ணெய் ஒழுங்காத் தடவலை நீங்க." ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம்தான் நடப்பது.

சுவாமி சன்னிதியில் வெள்ளியம்பலத்தின் முன்னால் ஜோதி எங்களை நிறுத்தினாள். நடராஜர்.

"நல்லாப் பாருங்க. மத்த ஊருல வலது கால்ல நின்னு இடது காலைத் தூக்கியிருப்பாரு. இங்கன மட்டும்தான் இடது கால்ல நின்னு வலதைத் தூக்கியிருக்காரு."

"ஏன்?" என்றாள் ஜெசிந்தா.

"பாண்டிய ராசா ஆட்டம் படிச்சாராம். ஆடிப் பாத்தா கால் கடுத்துப் போச்சு. நமக்கே இப்படின்னா எந்நேரமும் ஒரே கால்ல நிக்கிற சாமிக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சு, காலை மாத்தி ஆடுங்க சாமின்னு கேட்டாரு. மாத்தலைன்னா கத்தி மேல விழுந்து செத்துருவேன்னு கண்ணை மூடிக்கிட்டாரு. தொறந்து பாத்தா சாமி காலை மாத்திட்டாரு."

"நம்ம செக்‌ஷனுக்குன்னே ஒரு சாமி" என்றாள் ஜெசிந்தா. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாமிக்குக் கேட்க ஒரு ராசா இருந்தார், அவருக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நகர மனசில்லாமல் கொஞ்ச நேரம் அந்த ஊன்றிய இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடை சாத்தப்போகிறார்கள் என்று எல்லோரையும் நகர்த்தினார்கள். கூட்டத்தோடு வந்ததில் வேறு பக்கம் வெளியே வந்துவிட்டோம். செருப்பு இருப்பதோ தெற்கே. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் வெட்டவெளி ஆடி வீதி, உச்சி வெயிலில் கல் தரை. நார்விரிப்பு போட்ட பாதை இன்னொரு பக்கம். சுற்றிப் போக ஜோதிக்குப் பொறுமையில்லை. "ஓடிருவோம்" என்றாள். இருவரும் அய்யோ அம்மா என்று குதித்துக்கொண்டு ஓடிக் கோபுரத்து நிழலில் போய் நின்றார்கள்.

நான் எங்கே ஓடுவது. நடந்தேன். பாதி தூரம் வருவதற்குள் வலது உள்ளங்கால் வெந்தது. தோசைக்கல்தான். தாங்க முடியாமல் காலை வெடுக்கென்று தூக்கினேன்.

தூக்கிய காலைக் கீழே வைக்க முடியவில்லை, கல் அப்படிச் சுட்டது. பிடித்துக்கொள்ளத் தூண் இல்லை. ஆள் இல்லை. அப்படியே நிற்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, எதன்மேல் நிற்கிறேன் என்று. என் முழு எடையும் அந்த ரப்பர் பாதத்தின்மேல் நிற்கிறது. திக்கென்று ஒன்றும் இல்லை. படி இருந்தது. கீழே தரை கெட்டியாக இருந்தது.

வலது காலை விரல் நுனியில் மட்டும் தொட்டு எடுத்து, இடதில் முழுசாக இறங்கினேன். மறுபடியும் தொட்டு எடுத்து, மறுபடியும் முழுசாக இறங்கினேன். அந்தத் தம்பி சொல்லி வாய் வலித்ததை அந்தக் கல் ஒரு சூட்டில் சொல்லிக்கொடுத்துவிட்டது. சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. வெயிலில் எது எது என்று தெரியவில்லை.

நிழலுக்கு வந்ததும் ஜோதி என்னை விநோதமாகப் பார்த்தாள். "ஏங்க்கா, நடு வீதியில நின்னு வேடிக்கை பாக்குறீக. கால் சுடலையா?"

அந்த நேரத்தில் இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"ஒண்ணு சுட்டுச்சு ஜோதி. இன்னொண்ணு சுடாது" என்று சொல்லி, அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்து இடது சாக்ஸைக் கழற்றினேன்.

ஜோதி வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. ஜெசிந்தா குத்தவைத்து உட்கார்ந்து ரப்பர் விரல்களை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அடுத்த விரல், அதற்கடுத்த விரல்.

"அப்ப என் வெளக்கெண்ணெயை என்ன பண்ணுனீங்க?" என்றாள் கடைசியில். குரலில் நிஜமான கோபம்.

"தலைக்குத் தேச்சேன்."

ஜோதி அழுதுகொண்டே சிரித்தாள். ஜெசிந்தா இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளே ஓடிப்போய் மூன்று ஜோடி செருப்பையும் வாங்கிக்கொண்டு வந்தாள். ஜிகர்தண்டா குடித்தோம். "சாருகிட்ட நாங்க சொல்ல மாட்டோம்க்கா" என்றாள் ஜோதி. ஜெசிந்தாவும் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தாள். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எந்த நாள் என்று சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

வலது உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். அதனால் இன்றைக்கும் இடது காலை நம்பித்தான் நிற்க வேண்டியிருந்தது. நின்றேன்.

மார்ச் 27, வெள்ளி

மாறி மாறி நிற்கிறேன். கொஞ்ச நேரம் இது, கொஞ்ச நேரம் அது. மெத்தையில் முதலில் ஆடியது, இப்போது பிடி கிடைத்துவிட்டது. சாயங்காலம் தூண் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே மறந்துபோனேன். இடுப்பு வலிக்கிறது, ஆனால் நேற்றைவிடக் குறைவு.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் வாடிக்கையாளர் கூட்டத்தில் இருந்தார். கூட்டம் கலைந்ததும் நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். மடிக்க அவ்வளவு சேலை இல்லைதான்.

மார்ச் 29, ஞாயிறு

சொல்லவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் போய் நின்றேன். மாதக் கடைசி, அவரே கூப்பிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று. "சார், பித்தவெடிப்புன்னு சொன்னது பொய். இடது கால் எனக்கு இல்லை. செயற்கைக் கால்தான்."

அவர் பில் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை. "தெரியும்மா. மொத நாள் மெத்தையில ஏறுனீகள்ல, அப்பவே தெரியும்."

தெரிந்தேதான் சேர்த்தாரா? தெரிந்தேதான் தூண் பக்கம் போட்டாரா? "அப்புறம் ஏன் சார் ஒண்ணும் கேக்கலை?"

"காலை வச்சா சேலை விக்கிறோம், கைதானே. உங்க மடிப்பு இந்த மாடியில யாருக்கும் வராது." புத்தகத்தை மூடினார். "ஆனா நீங்க ஒத்தக் கால்லயே நின்னுக்கிட்டு இருந்தீக. ரெண்டு காலும் சொந்தக் காலா இருந்தாக்கூட, ஒத்தக் கால்ல நிக்கிற ஆளு சித்திரைக் கூட்டத்தைத் தாங்காது. எத்தனை பேரைப் பாத்துருக்கேன். அதைத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்களை அனுப்பிரலாம்னுதான் இருந்தேன்."

"இப்ப?"

"அதான் போன வாரத்துலேர்ந்து ரெண்டு கால்லயும் நிக்கிறீகளே." எழுந்தார். "முன் கவுண்டருக்கு வந்துருங்க. அந்த சாக்ஸ் வேணாம், மெத்தையில வழுக்கும்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. மீசை கொஞ்சம் அசைந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனுக்குப் போன் செய்து, கட்டிலை எடுத்துப் பிள்ளைகள் படிக்கிற பக்கம் போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஏன், என்ன ஆச்சு என்று பதறினார். ஒன்றுமில்லை, வேலை கிடைத்துவிட்டது என்றேன். முழுசாக.

ஏப்ரல் 1, புதன்

முதல் நாள் சாக்ஸ் இல்லாமல். முன் கவுண்டர். சிலர் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சேலையைப் பார்த்தார்கள். ஒரு அம்மா மட்டும் போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். மூன்று சேலை எடுத்திருந்தார், நான்காவதையும் எடுக்க வைத்திருக்கலாம்.

இடைவேளையில் ஜெசிந்தா புது பாட்டிலோடு வந்தாள். கொப்புளம் உடைந்து வலது உள்ளங்கால் நிஜமாகவே வெடித்திருக்கிறது. "இப்பவாச்சும் தடவ விடுங்க" என்று ஸ்டூலில் உட்கார வைத்து அவளே தடவினாள். சுகமாக இருந்தது. வலதை முடித்துவிட்டு, மிச்ச எண்ணெயை ரப்பர் விரல்களிலும் தடவ ஆரம்பித்தாள்.

"அதுக்கு எதுக்குடி?" என்றேன்.

"அதுதானே உங்களை நடு வீதியில நிறுத்துச்சு. அதுக்குத் தடவலைன்னா கோவிச்சுக்கும்ல" என்றாள். விரலிடுக்கிலெல்லாம் விட்டுத் தடவினாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.